ஆஸ்பெர்கர் சுபாவம்

வயதுக்கு மீறிய சொல்வளத்தோடு தமக்குப் பிரியமான ஒரு விஷயத்தைப் பற்றிப் பிரசங்கமே செய்யவல்லவர்களாயினும், சக பிள்ளைகளோடு கூடி விளையாடும் வழியறியாது தனித்து நின்ற சில சிறுவர்களின் சுபாவத்தை, வியன்னா நகரத்துக் குழந்தை வைத்தியர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944-இல் விவரித்து எழுதினார். (நாஜி ஆட்சிக்கு அவர் துணைபோனதை ஆவணங்கள் பிற்பாடு காட்டியது துக்ககரமான செய்தி.) 1981-இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவர் லோர்னா விங் அம்மையாரால் பிரபலமடைந்த 'ஆஸ்பெர்கர்' என்ற பெயரை, 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு ஆட்டிசம் என்ற பொதுப்பெயருக்குள் அடக்கிவிட்டது.

இத்தகைய சுபாவமுடையோர் பிறர் கண்ணை நோக்கிப் பேசக் கூசுவதும், கேலியாகச் சொன்னதை மெய்யென்றே கொள்வதும், மிக்ஸியின் இரைச்சலும் சட்டையின் உறுத்தலும் தாங்காது தவிப்பதும், வழக்கமான காரியக்கிரமம் திடீரென மாறினால் கலங்குவதும் அகம்பாவத்தால் அன்று. மற்றவர்க்குத் தாமாகவே வாய்த்துவிடும் சம்பாஷணை மரபுகளை இவர்கள் ஒவ்வொன்றாகப் பயில வேண்டியிருப்பதால், கல்யாண வீட்டில் ஒரு மணி நேரம் இருந்து வருவதே சிலருக்குப் பெருஞ்சிரமம். அச்சிரமம் வெளியே தெரியாத காரணத்தாலேயே ஏச்சும் பரிகாசமும் அவர்களைத் தொடர்வது பெரிய அநியாயம்.

ஆகையால், உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ காரியாலயத்திலோ அப்படியொருவர் இருப்பின், சொல்ல வேண்டியதை ஜாடையாக அன்றித் தெளிவாகச் சொல்லுங்கள். மாறுதல் எதுவாயினும் முன்கூட்டியே தெரிவியுங்கள்.