கண்மாய்க்கு மார்க்கெட் இல்லை

(புதுக்கோட்டை வட்டாரத்தில் விவசாயத் தொழிலாளரும் மில் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



காசு இருந்தால் கடைத்தெருவில் எல்லாம் கிடைக்கும் என்கிறார்கள். போர் போட வண்டி கிடைக்கும், மோட்டார் கிடைக்கும், கேனில் தண்ணீரும் கிடைக்கும். ஆனால் தூர்ந்துபோன கண்மாயை வெட்டித்தர எந்தக் கடைக்காரராவது உண்டா? இல்லை. ஏன் இல்லை?

நம் தட்டிலுள்ள சோறு தனிச் சரக்கு. ஒருவர் தின்றால் மற்றவருக்கு இல்லை. காசில்லாதவருக்குக் கடைக்காரர் கொடுக்கவும் மாட்டார். தெருவிளக்கு அப்படியல்ல. ஒருவர் நடந்ததால் அடுத்தவருக்கு வெளிச்சம் குறையாது. காசு தராதவர் கண்ணை மறைக்கவும் முடியாது. இதில் லாபம் ஏது? ஆகவே எந்த முதலாளியும் வரமாட்டார். இதுதான் பொதுச் சரக்கு. மார்க்கெட் கைவிரிக்கும் இடம் இது.

கண்மாய்க் கரையும் கலிங்கும் வரத்து வாரியும் இந்த ரகமே. நம் ஜில்லாவில் வற்றாத ஆறு கிடையாது. தெற்கு வெள்ளாறும் மழை பெய்தால்தான் ஓடும். அதனால்தான் முன்னோர் ஆயிரக்கணக்கில் கண்மாய் வெட்டினார்கள். கண்மாய் நிறைந்தால் வயல் பாயும், கிணற்றில் ஊற்று ஏறும், மாடு குடிக்கும், நடவுக்கும் களைக்கும் நமக்குக் கூலி கிடைக்கும். பலன் எல்லோருக்கும் என்பதாலேயே, 'அடுத்தவர் வெட்டட்டும்' என்று ஒவ்வொருவரும் இருந்துவிடுகிறார்கள்.

நிலத்தடி நீர் சங்கதி வேறு. அது பொதுவானது, ஆனால் எடுக்க எடுக்கக் குறைவது. ஒருவர் ஆழமாகப் போட்டால் பக்கத்துக் கிணறு வற்றுகிறது. அவர் இன்னும் ஆழமாகப் போடுகிறார். இந்த நஷ்டம் போர் வைத்தவர் கணக்கில் ஏறாது. ஊர் தலையில் விழும். கடன்பட்டு போர் போட்ட சிறு விவசாயி நமக்கு எதிரியல்ல. அவரும் இந்தப் பந்தயத்தில் சிக்கியவர்தான். இதற்குக் கடிவாளம் போட 2003-ல் தமிழகத்தில் நிலத்தடி நீர்ச் சட்டம் இயற்றினார்கள். 2013-ல் அதையும் ரத்து செய்தார்கள்.

'பழைய குடிமராமத்தே போதும்' என்பவர்களும் உண்டு. 1858-ல் வெள்ளையர் சர்க்கார் அந்த உழைப்பைச் சட்டத்தாலேயே கட்டாயமாக்கியது. மண் சுமந்தவர் ஒருவர், நீர் பாய்ச்சியவர் வேறொருவர் என்றால் அது பொதுவேலையல்ல, வெட்டிவேலை. கண்மாய் வேலைக்குச் சர்க்கார் பணம் வேண்டும். நியாயக் கூலி வேண்டும். நீர்ப் பங்கீட்டில் நிலமில்லாதவருக்கும் பேச்சுரிமை வேண்டும்.

மில் தோழர்கள் 'நமக்கென்ன' என்று இருக்க வேண்டாம். கிராமத்தில் வேலை செத்தால் அந்த ஜனங்கள் குறைந்த கூலிக்கு உங்கள் மில் வாசலில்தான் வந்து நிற்பார்கள்.

கூலி உயர்வுக்குத் திரண்ட அளவு வரத்து வாரிக்கு நாம் திரண்டதில்லை. அது நம் குறை. 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள கண்மாய் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. பெரியது நீர்வளத்துறையின் பொறுப்பு. யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இல்லை. ஐப்பசி மழைக்கு முன் ஒவ்வொரு ஊரிலும் வாரியின் தலைப்பிலிருந்து மடைவரை நடந்து பார்ப்போம். எங்கே தூர்ந்தது, எங்கே ஆக்கிரமிப்பு என்று எழுதுவோம். கிராம சபையில் வைப்போம். தீர்மானம் நிறைவேறும்வரை எழுந்திருக்க மாட்டோம்!