கற்கும் இயந்திரத்துக்கும் கரை வேண்டும்

(வைத்தியர், ஆசிரியர், பொறியியலாளர், கமக்காரர் ஆகியோர் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரை)



வைத்தியத்தைப் பற்றிப் பேசச் சட்டம் பயின்றோர்க்கு என்ன உரிமை என்று இச்சபையிற் சிலர் எண்ணக்கூடும். நோய் தீர்ப்பது வைத்தியர் கடமைதான். ஆனால், ஒரு மனிதனுடைய உடலின்மீது மற்றொருவர் கைவைக்கும்போது, அதற்குச் சம்மதம் கொடுத்தவர் யார், அளவை வகுத்தவர் யார், தீங்கு நேரின் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்ற மூன்றும் சட்டத்தின் வினாக்களாகும். கற்றறிந்ததைக் கொண்டு தானே அளவை மாற்றும் இயந்திரம், மனித மூளைக்குள் மருந்து செல்ல வழிதிறக்கும் காலம் நெருங்குகின்றது. ஆதலின் அம்மூன்று வினாக்களையும் இப்பொழுதே எழுப்புவது நம் கடமையெனக் கருதுகின்றோம்.

மூளையின் வேலி

மூளையைச் சுற்றி இயற்கை ஒரு வேலி இட்டிருக்கின்றது. 1885இல் ஜேர்மனிய அறிஞர் போல் ஏர்லிக் விலங்குகளின் இரத்தத்திற் சாயம் ஏற்றியபோது, மற்றை உறுப்புகள் நிறம் பெற்றன; மூளை மாத்திரம் நிறம் பெறவில்லை. மூளையிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர்க்கலங்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்திருப்பதே இதற்குக் காரணமெனப் பின்னர் தெளிவாயிற்று. நஞ்சைத் தடுக்கும் அவ்வேலியே மருந்தையும் தடுக்கின்றது. மூளையிற் கட்டி கண்டவனுக்கு மருந்து கையில் இருந்தும், அது கட்டியைச் சென்றடைய வழியில்லாமற் போகின்றது.

அவ்வழியை ஒலியினால் திறக்கலாம் என்பதே புதிய வைத்தியம். செக்கனுக்கு 20,000 தடவைக்கு மேல் அதிரும் ஒலி மனிதர் காதுக்குக் கேளாது. அதனை மீயொலி என்பர். கருவிலுள்ள குழந்தையைப் பார்க்கும் ஸ்கான் கருவியில் உள்ளதும் அதுவே. உருப்பெருக்கிக் கண்ணாடி வெயிலை ஒரு புள்ளியிற் குவிப்பது போல, பல மூலங்களிலிருந்து வரும் மீயொலியை மண்டையோட்டைத் திறவாமலே மூளையின் ஒரு புள்ளியிற் குவிக்கலாம். இவ்வாறு குவிக்கும் தலைக்கவசம் ஒன்றில் 1024 ஒலிமூலங்கள் உள்ளன.

குவிப்பதற்குச் சற்று முன்னர், செங்குருதிக் கலத்தினும் பெரிதல்லாத வாயுக் குமிழிகளை இரத்தத்தில் ஏற்றுவர். ஒலி குவியும் இடத்தில் அக்குமிழிகள் விரிந்து சுருங்கிக் குழாய்ச் சுவரை நெகிழ்த்துகின்றன. மருந்து உட்செல்கின்றது. ஏறத்தாழ 24 மணித்தியாலத்துள் வேலி மீண்டும் அடைபடுகின்றது. கல்லர்வோ ஹினினன் என்பாரும் அவர்தம் குழுவினரும் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் முயல்களில் இதனைச் செய்து 2001இல் வெளியிட்டனர். 2015இல் கனடாவின் ரொறன்ரோ நகரிலுள்ள சனிபுறூக் வைத்தியசாலையில், மூளைக் கட்டியுள்ள ஒரு நோயாளிக்கு முதன்முதலாக வெட்டுக்காயமின்றி இவ்வேலி திறக்கப்பட்டது. அல்சைமர் என்னும் மறதிநோய் கண்ட மூவருக்கு மருந்துடன் மீயொலியும் செலுத்தியபோது, ஒலி பட்ட பகுதிகளிற் படிந்திருந்த புரதம், படாத பகுதிகளைவிடச் சராசரி 32 வீதம் கூடுதலாகக் குறைந்தது என்று மேற்கு வேர்ஜீனிய வைத்தியர்கள் 2024இல் அறிவித்தனர். மூவரைக் கொண்டு முடிவு கட்டல் ஆகாது. எனினும் நம்பிக்கைக்கு இடமுண்டு.

அளவை அறிவது எங்ஙனம்?

இங்கேதான் இடர் தொடங்குகின்றது. ஒலி குறைந்தால் வேலி திறவாது. மிகுந்தாற் குமிழி வெடித்து இரத்தக் கசிவு நேரலாம். மண்டையோட்டின் தடிப்பும் அடர்த்தியும் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், ஒருவருக்கு அளவான ஒலி மற்றவருக்கு மிகையாகலாம். எல்லோர்க்கும் ஒரே அளவு என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை.

கமக்காரப் பெருமக்களுக்கு இது விளங்காத பொருளன்று. தோட்டத்துக்கு இறைக்கும்போது ஒருவர் கிணற்றடியில் நிற்கின்றார். மற்றொருவர் பாத்தி பாத்தியாக நீரை மாறிவிடுகின்றார். வரம்பு உடைகின்றதா, பாத்தி நிரம்பிற்றா என்று பார்த்து அவர் குரல் கொடுக்க, கிணற்றடியில் நிற்பவர் கூட்டியோ குறைத்தோ இறைக்கின்றார். மூளைக்குள் அவ்வாறு குரல் கொடுப்பவை அக்குமிழிகளே. சீராக அதிரும்போது ஒருவகை ஒலியையும், வெடிக்கும்போது வேறுவகை இரைச்சலையும் அவை எழுப்புகின்றன. அதனைக் கேட்டு அழுத்தத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் முறையை ரொறன்ரோ ஆய்வாளர்கள் 2012இல் விலங்குகளிற் செய்து காட்டினர். அம்முறை மனிதர் எழுதிவைத்த எளிய விதியொன்றின்படி இயங்கியது. இப்பொழுது ஆராயப்படுவதோ செயற்கை நுண்ணறிவு. முன்னைய நோயாளிகளின் படங்களிலிருந்தும் எதிரொலிகளிலிருந்தும் கற்று, இந்த மண்டையோட்டில் ஒலி எங்கே வளையும், அடுத்த கணம் குமிழி என்ன செய்யும் என்று அது முன்கூட்டியே கணிக்க முயல்கின்றது. கணத்துக்குக் கணம் மாறும் அளவை மனிதக் கை அத்துணை விரைவாகத் திருத்த இயலாது. ஆகவே அதன் பயனை நாம் மறுக்கவில்லை.

முன்னே நடந்தது

ஆனால் இயந்திரத்தை நம்பிக் காவலைக் கைவிட்டதன் விளைவை உலகம் ஒருமுறை கண்டிருக்கின்றது. தெராக்–25 என்னும் கதிர்வீச்சு இயந்திரம் 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிரைப் பாய்ச்சிற்று, உயிர்களும் பறிபோயின. முந்திய இயந்திரங்களில் இருந்த தனிப் பூட்டுகளை அகற்றிக் கணினி நிரலையே காவலாக வைத்ததும், நோயாளிகளின் முறையீட்டை உடனே நம்பாததும் அக்கேட்டுக்குக் காரணங்களாயின. அந்த நிரல் கற்று மாறுவதன்று. எழுதியபடியே நின்ற நிரலின் பிழையைக் கண்டறியவே அத்துணை காலம் சென்றதென்றால், கற்று மாறும் நிரலின் பிழையை யார், எப்பொழுது கண்டறிவர்?

இன்னொன்றும் உண்டு. விரலிற் பொருத்தி இரத்தத்தின் ஒட்சிசனை அளக்கும் சிறு கருவியை நீங்கள் அறிவீர்கள். கறுப்பின நோயாளிகளிடம் ஒட்சிசன் குறைந்திருந்ததை அக்கருவி, வெள்ளையரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டது என்று 2020இல் மிச்சிகன் ஆய்வாளர்கள் காட்டினர். கருவிக்குப் பகைமை இல்லை. அதைச் செய்தவர் யாரை அளந்து பார்த்தனர் என்பதே கேள்வி. யாருடைய மண்டையோட்டைக் கண்டு இயந்திரம் கற்றதோ, அவரையே அது நன்கறியும்.

நாம் கேட்பது

போகந்தோறும் விதைப்புக்கு முன் கமக்காரர் கூட்டம் கூடி, குளத்து நீர் எந்நாளில் திறக்கப்படும், எந்நாள்வரை ஓடும் என்று முடிவு செய்கின்றது. துருசடியில் நிற்பவர் அன்றன்றைய நிலைக்கேற்பக் கூட்டலாம், குறைக்கலாம். கூட்டம் வகுத்த வரம்பை மீறலாகாது. கற்கும் இயந்திரத்துக்கும் அதுவே நியாயம். மருத்துவச் சாதனம் எவ்வெவ்வாறு மாறலாம் என்பதை முன்கூட்டியே எழுதி ஒப்புதல் பெறும் முறையை அமெரிக்கச் சட்டம் 2022இல் ஏற்றது. 2024 ஆகஸ்ட் 1ஆந் தேதி அமுலுக்கு வந்த ஐரோப்பியச் சட்டம், ஆபத்து மிகுந்த நுண்ணறிவுக் கருவிகளுக்கு மனித மேற்பார்வையும் பதிவேடும் வேண்டுமென்று விதித்து, அக்கடமைகளைப் படிப்படியாகச் சுமத்துகின்றது. இலங்கையில் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம் மருத்துவச் சாதனங்களையும் தன் ஆட்சிக்குட் கொணர்ந்துள்ளது. ஆனால் வந்திறங்கும் நாளில் ஒரு சாதனத்தைச் சோதிப்பது வேறு. வந்தபின் அது கற்று மாறுவதைக் காவல் செய்வது வேறு.

ஆகவே நாம் கேட்பன நான்கு. இயந்திரம் கடக்கலாகாத உச்ச அளவை மனிதர் வகுத்து, நிரலுக்கு அப்பாற்பட்ட தனிப் பூட்டினால் அதைக் காக்கவேண்டும். ஒவ்வொரு சிகிச்சையிலும் அது மாற்றிய அளவெல்லாம் பதியப்பட்டு, நோயாளி கேட்டாற் கொடுக்கப்படவேண்டும். எவரிடம் கற்றது, நம்மவர் போன்றோரிடம் சோதிக்கப்பட்டதா என்பதை விற்பவர் எழுத்தில் அறிவிக்கவேண்டும். இறுதியாக, கட்டளையிட்டவர் என ஒரு வைத்தியரின் பெயரும், செய்தவர் என ஒரு கம்பனியின் பெயரும் ஏட்டில் நிற்கவேண்டும். “இயந்திரம் செய்தது” என்பது எந்த நீதிமன்றத்திலும் விடையாகலாகாது.

சம்மதத்தைப் பற்றியும் ஒரு சொல். நோயாளி பொருட்படுத்தக்கூடிய ஆபத்தை அவருக்கு வைத்தியர் சொல்லியே ஆகவேண்டும் என்று பிரித்தானிய உச்ச நீதிமன்றம் மொன்ட்கொமரி வழக்கில் 2015இல் தீர்ப்பளித்தது. அளவு இடையில் மாறும், மாற்றுவது இயந்திரம் என்பதும் அத்தகைய செய்தியே. அதனை நோயாளியின் தாய்மொழியிற் சொல்லவேண்டும். விளங்காத தாளில் வைத்த கையெழுத்து சம்மதமாகாது.

விஞ்ஞானத்தின் வழியை மறிக்க நாம் வரவில்லை. மூளைக் கட்டியால் துன்புறும் குழந்தைக்கு அந்த மருந்து போய்ச் சேரவேண்டும் என்பதிலே நம்மிலும் ஆவலுடையோர் இல்லை. அந்த ஆவலினாலேயே சொல்கின்றோம்: வெள்ளம் வந்தபின் அணை கட்டுவது பேதைமை. இயந்திரம் நம் வைத்தியசாலை வாயிலை அடையுமுன், அதற்குரிய சட்டம் அங்கே காத்து நிற்கவேண்டும். வைத்தியர்களே, வரைவுக்கு உங்கள் அறிவைத் தாருங்கள். கமக்காரர்களே, உங்கள் பிரதிநிதிகளிடம் இந்நான்கையும் கேளுங்கள். சட்டம் பயின்ற நாம் எழுதித் தருவதற்கு ஆயத்தமாயிருக்கின்றோம்.