சூன்யம் காட்டும் கருவி



இவ்வுரையைக் கேட்போரில், தன்பாத், ஜரியா முதலிய ஊர்களில் நிலக்கரிச் சுரங்கங்களைச் சார்ந்து வாழ்வோர் இருக்கலாம். மதுராவிலும் பானிப்பட்டிலும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் பணிபுரிவோர் இருக்கலாம். ஏனையோர் வீடுகளிலும் அடுப்பங்கரையில் எரிவாயு உண்டு. ஆகவே, இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் நம்மில் எவருக்கும் அந்நியமானதன்று. காற்றில் தீப்பற்றும் வாயு கலந்திருக்கிறதா என்று காட்டும் கருவியை நாம் எவ்வாறு நம்புவது என்பதே அது.

சுரங்க வாயுவாகிய மீத்தேனுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றில் அது நூற்றுக்கு 5 பங்கு முதல் 15 பங்கு வரை கலந்திருக்குமாயின், ஒரு சிறு பொறி பட்டாலே வெடித்துவிடும். மேற்கு வங்காளத்துச் சினாகுரிச் சுரங்கத்தில் 1958-ஆம் ஆண்டு நேர்ந்த வெடிப்பில் 170-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஜரியாப் பகுதியின் பாட்டீ சுரங்கத்தில் 2006-ஆம் ஆண்டு 50 பேர் மாண்டனர். மீத்தேன் 1.25 பங்கை எட்டினாலே மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும் என்று நம் நாட்டுச் சுரங்க விதிகள் கூறுகின்றன. வெடிக்கும் எல்லையில் இது கால் பங்கு. இத்துணைச் சிறிய அளவைப் பிழையின்றிக் காட்டவேண்டியது கருவியின் கடமை.

1815-ஆம் ஆண்டில் ஹம்ப்ரி டேவி என்னும் ஆங்கில விஞ்ஞானி கம்பிவலை சூழ்ந்த காப்பு விளக்கை அமைத்தார். திரியைத் தாழ்த்தி வைத்தால், வாயு உள்ள இடத்தில் சுடரின்மேல் நீலநிற முடியொன்று தோன்றும். அவ்விளக்கு அணைந்துபோனால், அது கண்ணுக்குத் தெரியும். இக்காலத்துக் கருவி அத்தகையதன்று. அதனுள்ளே, வினையூக்கி பூசிய சிறு மணி ஒன்று மின்சாரத்தால் சூடேறியிருக்கிறது. வாயு அதன்மேல் பட்டதும் எரிகிறது. மணியின் சூடு மிகுகிறது. அதனால் அதனுள் இருக்கும் பிளாட்டினக் கம்பியின் மின்தடை மாறுகிறது. அம்மாற்றமே அளவாகத் தோன்றுகிறது.

இம்மணிக்கும் நஞ்சு உண்டு. சில மெருகுப் பூச்சுகளிலும் மசகுப் பொருள்களிலும் உள்ள சிலிக்கோனின் ஆவி பட்டால், அதன் ஆற்றல் குன்றும். ஈயச் சேர்மங்களாலும் அவ்வாறே ஆகும். முகப்பிலுள்ள வடிகட்டி புழுதியால் அடைபட்டாலும் வாயு உள்ளே புகாது. அப்பொழுது கருவி என்ன காட்டும்? சூன்யத்தையே காட்டும். தூய காற்றிலும் அது காட்டுவது சூன்யமே. காற்று நலமாயிருக்கிறதா, கருவி செத்துக் கிடக்கிறதா என்பதை அவ்வெண்ணை மட்டும் பார்த்து எவராலும் அறிய இயலாது.

அறிவதற்கு வழி ஒன்றே. அளவு தெரிந்த வாயுவைக் கருவிக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். இதில் இரு நிலைகள் உள்ளன. கோப்புகளில் இவ்விரண்டும் ஒரே சொல்லால் எழுதப்படுவதைக் கண்டிருக்கிறேன். ஆயினும் இவை வெவ்வேறானவை. வேலைக்கு இறங்குமுன் சிறிது வாயுவைக் காட்டி, முள் நகர்கிறதா, அபாய ஒலி எழுகிறதா என்று பார்ப்பது சோதனை. ஆங்கிலத்தில் காலிபிரேஷன் என்றும், அரசாங்க இந்தியில் அம்சாங்கன் என்றும் வழங்குவது அளவுத்திருத்தம். முதலில் தூய காற்றில் சூன்யத்தைச் சரிசெய்தல் வேண்டும்; பின்னர், 2.5 பங்கு மீத்தேன் கலந்த காற்றைச் செலுத்தி, கருவி அவ்வளவையே காட்டுமாறு திருத்த வேண்டும். திருத்தியும் எட்டவில்லையெனில், உணர் உறுப்பை மாற்றுவதே முறை. கடைக்காரரின் எடைக்கல்லை முத்திரையிட்ட கல்லோடு வைத்து ஒப்பிடுவது போன்றதே இது.

சோதனை வாயுவின் உருளையில் குறித்த காலக்கெடு கடந்திருத்தல் ஆகாது. மீத்தேனுக்குத் திருத்திய கருவி, புரொப்பேன் வாயுவைக் குறைத்தே காட்டக்கூடும். எந்த வாயுவைத் தேடுகிறோமோ அதற்கேற்பத் திருத்துதல் வேண்டும். சிகரெட் கொளுத்தியின் வாயுவை ஊதிப் பார்க்கும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். அளவு தெரியாத அந்த வாயு, செறிவு மிகுதியால் மணியையே கெடுத்துவிடலாம்.

வீட்டில் கருவி வைத்திருப்போருக்கும் ஒரு சொல். அதன் பொத்தானை அழுத்தினால் எழும் ஒலி, பெரும்பாலும் மின்சுற்று நன்றாயிருப்பதற்கே சான்று. வாயுவை உணரும் உறுப்பின் நலத்தை அது சொல்லாது. உறுப்பின் ஆயுட்காலம் கருவியின்மேல் குறிக்கப்பட்டிருந்தால் அதைப் பார்த்து, உரிய காலத்தில் மாற்றுங்கள். சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது. அதற்குரிய கருவி தரையருகே இருக்கவேண்டும். குழாய்வழி வரும் இயற்கை வாயு இலேசானது. அதற்குரியது கூரையருகே இருக்கவேண்டும். வாயு மணம் வீசினால், கருவி மௌனமாயிருந்தாலும், அடைப்பானை மூடிச் சன்னல்களைத் திறவுங்கள், மின்விசையைத் தொடாதீர்கள்.

சுரங்கத்திலும் ஆலையிலும் இச்சோதனைக்கென்று ஒரு பதிவேடு உண்டு. வாயுவைச் செலுத்திப் பாராமலே ‘சரிபார்க்கப்பட்டது’ என்று அதில் கையொப்பமிடுவது எளிது. சோதனைக்கு ஓரிரு நிமிஷங்களே ஆகும். கையொப்பமிடுபவர் எங்கிருந்தாலும், அந்தச் சூன்யத்தை நம்பிச் சுரங்கத்தினுள் இறங்குகிறவர் வேறொருவர். அவரை நினைத்துக்கொண்டு அப்பதிவேட்டில் எழுதுவோமாக.