கிரகணமும் ஈமானும்
(நாட்றம்பள்ளியில் நிகழ்த்தப்பெற்ற ஜும்ஆ உரை)

எல்லாப் புகழும் வானங்களையும் பூமியையும் படைத்துப் பரிபாலிக்கும் ஏக இறைவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



2025 செப்டம்பர் 7 இரவு முழுச் சந்திர கிரகணம் ஏற்பட்டது. இத்தகைய இரவுகளில் நம் இல்லங்கள் சிலவற்றில் நடப்பதைச் சற்றே சிந்தியுங்கள். கர்ப்பிணிப் பெண்ணை இருட்டறையில் அடைத்து, உணவும் நீரும் தராமல், "கத்தியைத் தொடாதே, பிள்ளைக்கு உதடு பிளந்துவிடும்" என அச்சுறுத்துகின்றனர். ஸஃபர் மாதத்தின் முதல் 13 நாள்களைத் 'தேரா தேஜி' என்று ஒதுக்குகின்றனர். சந்திரன் விருச்சிக ராசியில் இருப்பதாகக் கூறி, 'கமர் தர் அக்ரப்' என்று நிக்காஹ்வைத் தள்ளிப்போடுகின்றனர். ஐவேளை தொழும் வீடுகளிலும் இவை நடக்கின்றன. இந்த அச்சம் எங்கிருந்து வந்தது?

அதன் பழைமையான வேர்களுள் ஒன்று பாபில் நாட்டில் இருக்கிறது. அம்மக்கள் சந்திரனை ஸின் என்றும், சூரியனை ஷமாஷ் என்றும், வெள்ளியை இஷ்தார் என்றும், வியாழனை மர்துக் என்றும் தெய்வங்களாக்கினர். வானில் காண்பவை அத்தெய்வங்களின் எழுத்து என நம்பி, அவற்றின் பலன்களைச் சுமார் 70 களிமண் பலகைகளில் தொகுத்தனர். சந்திரனின் முகத்தை நான்காகப் பிரித்து, எப்பகுதி இருளுகிறதோ அதற்குரிய நாட்டிற்குக் கேடு என்றனர். கி.மு. 7-ஆம் நூற்றாண்டில் அசீரிய மன்னர் எஸர்ஹத்தோன் காலத்தில், தீய கிரகணம் தோன்றினால் மன்னர் ஒளிந்துகொள்வார். ஓர் அப்பாவி அரியணையில் அமர்த்தப்படுவான். கெடு முடிந்ததும் கொல்லப்படுவான். வானத்தைப் பற்றிய பொய் நம்பிக்கை பூமியில் ஓர் உயிரைப் பறித்தது! விருச்சிகம் உள்ளிட்ட 12 ராசிகளை வகுத்தவர்களும் பாபிலோனியரே.

இத்தகைய சமுதாயத்தினர் நடுவில்தான் நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் நின்றார்கள். விண்மீன் மறைந்தது, சந்திரன் மறைந்தது, சூரியனும் மறைந்தது. மறைவது இறைவனாக இருக்க இயலாது என்று அவர்கள் நிலைநாட்டியதை அன்ஆம் அத்தியாயம் நமக்கு எடுத்துரைக்கிறது.

சகோதரர்களே! பாபிலோனியரின் வானாய்வு முழுவதும் மூடநம்பிக்கை என்று கருதிவிடாதீர்கள். தலைமுறை தலைமுறையாக அவர்கள் எழுதி வைத்த குறிப்புகளிலிருந்து, 223 சந்திர மாதங்களுக்கு, அதாவது 18 ஆண்டுகளும் சுமார் 11 நாள்களும் கழிந்தால், கிரகணம் திரும்ப வரும் என்று கண்டறிந்தனர். 2007 ஆகஸ்டு 28-இல் நிகழ்ந்த கிரகணமே அக்கணக்கின்படி 2025-இல் மீண்டும் வந்தது. நேரம் தவறாமல் கட்டளைக்குக் கீழ்ப்படிவது அடிமையின் இலக்கணம். எஜமானின் இலக்கணம் அன்று. அவர்களின் கணக்கே அவர்களின் தெய்வங்களைப் பொய்ப்பித்தது.

அக்கணக்கின் சாயல் நம் தமிழகத்தையும் எட்டியது. 1825-ஆம் ஆண்டின் சந்திர கிரகணத்தைப் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர், தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடம் செய்த வாக்கியங்களைக் கொண்டே கணித்துக் காட்டினார். ஜான் வாரன் என்பார் இதைப் பதிவு செய்தார். அவர் கணித்த தொடக்க நேரம் சில நிமிடங்களே பிசகியது. இம்முறையிலுள்ள 248 நாள் சந்திரச் சுற்று பாபிலோனியக் கணிதத்தோடு தொடர்புடையது என அறிஞர் நாய்கபவர் 1952-இல் எடுத்துக்காட்டினார்.

நம் திருப்பத்தூர் மாவட்டத்திலேயே, ஜவ்வாது மலையின் காவலூரில், 1986-இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. வியாழனின் துணைக்கோளான கனிமீடு ஒரு விண்மீனை மறைத்துக் கடந்ததை அங்கிருந்து 1972-இல் அளந்தனர். மர்துக் என அஞ்சி வணங்கப்பட்ட அதே வியாழன்! கணக்கிடுவது கல்வி, அதனை நம் மார்க்கம் தடுக்கவில்லை. அக்கணக்கிலிருந்து மனிதனின் விதியைச் சொல்வதையே தடுத்தது.

ஹிஜ்ரி 10-இல் நபி (ஸல்) அவர்களின் அருமை மகனார் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அக்குழந்தைக்காகவே சூரியன் இருண்டது என மக்கள் பேசினர். துயரில் இருந்த தந்தை அதை ஏற்றிருந்தால் மறுப்பவர் எவர்? ஆயினும் அண்ணலார், சூரியனும் சந்திரனும் இறைவனின் இரு அத்தாட்சிகளே என்றும், எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் அவை கிரகணம் பிடிப்பதில்லை என்றும் தெளிவுபடுத்தினார்கள். தம் மகனின் பெயரால்கூட ஒரு பொய் நம்பிக்கை வளர அவர்கள் இடந்தரவில்லை.

எனவே, அடுத்த கிரகணத்தின்போது கர்ப்பிணிக்கு உணவும் நீரும் மருந்தும் வேளை தவறாமல் கொடுங்கள். நிச்சயிக்கப்பட்ட நிக்காஹ்வை ராசி பார்த்துத் தள்ளாதீர்கள். ஸஃபரில் மணமுடித்து வந்த மருமகளை எந்த இழப்புக்கும் பழிக்காதீர்கள். சூரிய கிரகணமாயின் ஜமாஅத்தாகவும், சந்திர கிரகணமாயின் ஹனஃபி மத்ஹபின்படி தனித்தனியாகவும் தொழுங்கள், தர்மம் செய்யுங்கள். பிள்ளைகளைக் காவலூருக்கு அழைத்துச் சென்று காட்டுங்கள்.

படைப்புக்கு அஞ்சாமல் படைத்தவனுக்கு மட்டுமே அஞ்சும் உள்ளத்தை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.