படி ஏறியவர்களும் உட்கார்ந்திருந்தவர்களும்

(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நான் மருத்துவன் அல்ல. ஆயினும் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் குடும்பத்தாரோடு உட்கார்ந்திருப்பது என் ஊழியம். அங்கே நான் அடிக்கடி கேட்ட வார்த்தை, "வாயு என்று நினைத்தோம், ஐயா" என்பதே. ஒரு தாயார் அதைச் சொல்லி அழுதார். அவர் கணவருக்கு மாலையிலேயே நெஞ்சு அழுத்தியிருக்கிறது; சோடா குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார். விடியற்காலையில்தான் கொண்டுவந்தார்கள். இழந்துபோன அந்த மணி நேரங்களை எங்கள் டாக்டர்களால் திருப்பிக் கொடுக்கக் கூடவில்லை.

லண்டன் மாநகரின் மாடி பஸ்களைப்பற்றி ஒன்று சொல்லுகிறேன். ஓட்டுநர் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பார். நடத்துநரோ அந்நாட்களில் டிக்கெட் கொடுக்க நாள்தோறும் நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்கினார். டாக்டர் ஜெரி மோரிஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் இவர்களை ஒப்பிட்டு 1953-ல் தங்கள் ஆய்வை வெளியிட்டார்கள். நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாகவே வந்திருந்தது. நடந்தும் சைக்கிளிலும் கடிதம் கொடுத்த தபால்காரர்களுக்கும், உட்கார்ந்து வேலைசெய்த எழுத்தர்களுக்கும் நடுவே இதே வித்தியாசம் காணப்பட்டது. பின்னர் சீருடை அளவுகளைப் பார்த்தபோது, ஓட்டுநர்களின் இடுப்புச் சுற்றளவு பெரிதாயிருந்ததும் தெரிந்தது. ஆகையால் படி ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் உடலுழைப்பு இருதயத்தைக் காக்கிறது என்பதைப் பிற்கால ஆய்வுகள் உறுதிப்படுத்தின. டாக்டர் மோரிஸ் 99 வயதுவரை வாழ்ந்து 2009-ல் மறைந்தார்.

நானும் நெடுங்காலம் ஓட்டுநர் வகையைச் சேர்ந்தவனே. நாற்காலி, கார், பிரசங்க பீடம், பிறகு விருந்து! ஒரு நாள் நர்ஸம்மா விளையாட்டாய் என் இரத்த அழுத்தத்தைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. அன்றுமுதல் வார்டுகளுக்குப் படியேறியே போகிறேன். மாத்திரையையும் விடாமல் சாப்பிடுகிறேன்.

நீங்கள் செய்யவேண்டியவை சிலவே. வாரத்தில் ஐந்து நாள் அரைமணி நேரம் வேகமாய் நடவுங்கள். நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கட்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றின் உப்பும் இதில் அடங்கும். புகைப்பவர்கள் இன்றே நிறுத்துங்கள்; ஓராண்டில் இருதய நோயின் கூடுதல் அபாயம் ஏறக்குறையப் பாதியாகக் குறையும். இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதிருங்கள்.

நெஞ்சில் இறுக்கம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல் கண்டால் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலி அதிகமில்லாமலும் மாரடைப்பு வரலாம். வாயுதானா என்று டாக்டர் சொல்லட்டும். வாயுவாகவே இருந்தால் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போகலாம்.

இம்மருத்துவமனைக்காக ஆண்டுதோறும் அன்போடு கொடுக்கிறீர்கள். இன்று உங்களிடம் இன்னொரு காணிக்கை கேட்கிறேன்: நாள்தோறும் அரைமணி நேரம், உங்கள் சொந்த இருதயத்திற்காக. அந்த வாசலில் உங்கள் வீட்டாரோடு நான் உட்காரும்படி நேரிடாதிருப்பதாக.