தொய்வு நோயாளரும் சிவனொளிபாத யாத்திரையும்

புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவிலே, செத்தல் மிளகாய் மூடைகள் லொறிகளினின்று இறங்கும் வேளையில் எழும் தூசு, நல்ல சுவாசமுடையவரையும் இருமச் செய்யும். தொய்வு எனப்படும் ஆஸ்மா உடையவர்க்கோ அது பெரும் சோதனை. எனினும் மார்கழிப் பூரணை பிறந்து யாத்திரைக் காலம் தொடங்கியதும், அவர்களும் ஏனையோரைப் போலச் சிவனொளிபாத மலைக்குப் புறப்பட விழைவது இயல்பே. அவர்கள் மலையேறலாமா? ஏறலாம், ஆயின் அதற்கான ஆயத்தம் கொழும்பிலேயே தொடங்குதல் வேண்டும்.

மலையின் உயரம் 2,243 மீற்றர். உச்சியிலே காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறக்குறைய முக்காற் பங்காகும். உயர்மலை நோய் பெரும்பாலும் 2,500 மீற்றருக்கு மேலேயே தோன்றுவதால், தொய்வு நோயாளர்க்கு இங்கே முதற் பகை மெல்லிய காற்றன்று, குளிரும் அவசரமுமே. சூரியோதயங் காணவேண்டி மக்கள் நள்ளிரவில் நல்லதண்ணியிலிருந்து ஏறத் தொடங்குகின்றனர். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள் உண்டு. விரைந்து ஏறுபவர் வாயினால் மூச்சு வாங்குவர். அப்பொழுது குளிர்ந்த வறண்ட காற்று மூச்சுக்குழாயின் ஈரத்தை உலர்த்த, அதனைச் சுற்றியுள்ள தசைகள் இறுகி, இழுப்பு உண்டாகின்றது. வழிக் கடைகளின் அடுப்புப் புகையும் அதற்குத் துணைபோகும்.

ஆதலால், புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே வைத்தியரைக் காணுதல் நன்று. நாள்தோறும் எடுக்கவேண்டிய தடுப்பு மருந்தை ஒருநாளும் விடலாகாது. இரவில் இருமலால் விழிப்பு ஏற்படுமாயின், அல்லது உடன் நிவாரணம் தரும் இன்ஹேலர் வாரத்தில் இருமுறைக்கு மேல் தேவைப்படுமாயின், நோய் அடங்கவில்லை என்பதே பொருள். அத்தகையோர் யாத்திரையை ஒத்திவைத்தல் வேண்டும். வைகாசிப் பூரணை வரை காலம் உண்டு.

மலையடியிலே முதற் கால்மணி நேரம் மெதுவாக நடந்து உடலைச் சூடேற்றுக. மூக்கையும் வாயையும் மெல்லிய துணியால் மூடுக. இன்ஹேலரைப் பையின் அடியில் வையாது, சட்டைக்குள் உடற்சூடு படுமாறு வைத்துக்கொள்க. கடுங்குளிரில் மருந்து சரிவரப் பீறிடாது. முழங்கால் நோவுக்கு அஸ்பிரின் போன்ற மாத்திரைகளை வைத்தியரைக் கேளாது விழுங்கலாகாது. சிலருக்கு அவையே இழுப்பை வரவழைக்கும். உச்சியில் காத்திருக்கும்போது அணிவதற்கு உலர்ந்த உடையும் வேண்டும்.

சிறுவயது முதல் ஆஸ்மாவினால் வருந்திய சே குவேரா, 1959ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்தவர். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர் மெக்சிக்கோவிலே 5,000 மீற்றருக்கு மேற்பட்ட எரிமலையொன்றில் அவர் பன்முறை ஏற முயன்றார். அத்துணிவு வியக்கத்தக்கதே. ஆயினும் இறுகிய மூச்சுக்குழாய் துணிவுக்குக் கட்டுப்படுவதில்லை. ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல இயலாதபோது, உடன் நின்று, நிமிர்ந்து அமர்ந்து, மருந்தை உள்ளிழுக்க வேண்டும். தணிந்தாலும் இறங்குவதே அறிவுடைமை. தணியாவிடில் மருந்தைத் தொடர்ந்தவாறே, தனியே விடாது, உடன்வந்தோர் விரைந்து வைத்திய உதவி பெறச் செய்தல் வேண்டும்.

பாதி வழியில் திரும்பினால் யாத்திரை பழுதாகும் என்று அஞ்சுவோர் பலர். அந்த அச்சமே பலரை ஆபத்தினுள் தள்ளுகின்றது. மலை அடுத்த மார்கழியிலும் அங்கேயே நிற்கும். அதைக் காண மூச்சு நிலைத்திருத்தல் வேண்டும்.