அடைப்புக்குறிக்கு வெளியே நிற்கும் எண்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



தொழில் அனுபவத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்ப்பவன். அங்கே எனக்குத் தினமும் கைகொடுப்பது ஒரு சின்ன விஷயம்: வாய்பாட்டைப் பார்த்து அணுக்களை எண்ணுவது. "இதென்ன சார், பள்ளிக்கூடப் பாடம்!" என்று பின்வரிசையில் முணுமுணுப்பது கேட்கிறது. இருக்கட்டும், ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமே.

யூரியா மூட்டையை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். வாய்பாடு: சிஓ, அடைப்புக்குள் என்எச்2, வெளியே ஒரு 2. எழுத்தின் காலடியில் நிற்கும் எண் அந்த அணுவுக்கு மட்டும். அடைப்புக்கு வெளியே நிற்கும் எண் உள்ளே இருக்கிற அத்தனை பேருக்கும். எண்ணே இல்லையென்றால் ஒன்று. ஆக, கார்பன் 1, ஆக்சிஜன் 1, நைட்ரஜன் 2, ஹைட்ரஜன் 4. மொத்தம் 8 அணுக்கள். எடை 12+16+28+4=60. அதில் நைட்ரஜன் 28, அதாவது நூற்றுக்கு 46 சொச்சம். மூட்டையில் அச்சடித்திருக்கும் 46 சதவீதம் இப்படித்தான் வந்தது!

அம்மோனியம் சல்பேட்டிலும் நைட்ரஜன் இரண்டேதான். ஆனால் மொத்த எடை 132. எனவே நைட்ரஜன் 21 சதவீதம். அதே நைட்ரஜனுக்கு இரண்டு மடங்குக்கு மேல் சுமக்க வேண்டும். கந்தகம் சேர்ந்து கிடைக்கிறது என்பது உண்மை. அது வேறு கணக்கு.

இனி என் வேலைக்கு வருகிறேன். கலங்கிய ஆற்று நீரைத் தெளியவைக்க அலுமினியம் சல்பேட் கலக்கிறோம். ஏஎல்2, அடைப்புக்குள் எஸ்ஓ4, வெளியே 3, அப்புறம் ஒரு புள்ளி, பிறகு 18 எச்2ஓ. அந்தப் புள்ளி பெருக்கல் குறி அல்ல, 'இதோடு இதுவும்' என்று பொருள். அலுமினியம் 2, கந்தகம் 3, ஆக்சிஜன் 12+18=30, ஹைட்ரஜன் 36. ஆக 71 அணுக்கள்! உப்பின் எடை 342, படிக நீரின் எடை 324. கிட்டத்தட்ட பாதி மூட்டை தண்ணீர்!

ஒருமுறை ஆய்வகக் குறிப்பில், தண்ணீர் நீக்கிய உப்பாக 50 கிலோ தேவை என்று இருந்தது. புதிதாகச் சேர்ந்த தம்பி, கிடங்கிலிருந்து 50 கிலோ எடுக்கச் சீட்டு எழுதிவிட்டார். "தம்பி, புள்ளிக்கு அப்புறம் இருக்கிறதையும் எண்ணுங்க" என்றேன். ஒரே நிமிடத்தில் 97 கிலோ என்று திருத்தினார். சரக்குக்குச் சரக்கு படிக நீர் கூடக்குறைய இருக்கும் என்பதால் சோதித்தும் பார்த்துக்கொண்டோம்.

பாதி மருந்து போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மண் முழுசாகப் படியாது. மண் துகளோடு ஒட்டிக்கொண்ட கிருமிகள் குளோரினுக்குத் தப்பிவிடும். குழாயடியில் குடத்தோடு நிற்கும் அம்மாவுக்கு வாய்பாடு தெரிய வேண்டியதில்லை; நமக்குத் தெரியும் என்று நம்பித்தான் அவர் குடிக்கிறார்.

ஆகவே தம்பி தங்கைகளே, கணிப்பொறி விடை தரட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அதற்குள் எந்த வாய்பாட்டைக் கொடுத்தோம் என்பதை ஒரு தடவை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்.